கனிக்குச் சமைத்த மாட்டுக்கறிப் பாஸ்தா

மலரு, என் மலரு,

நீ இருக்கும் இடத்தில் பசி உண்டா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டே தொடங்குகிறேன். நீ உன் கம்பெனியிலும் நான் என் கம்பெனியிலும் வேறு வேறு ஷிஃப்டில் கிடந்தபோது, ஃபோனில் நாம் முதலில் கேட்டுக்கொண்டது அதுதானே.

நம் கனி சாப்பிட மாட்டேங்கிறாள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொன்னாலும், "அம்மா போன ஏக்கம், போகப் போகச் சரியாயிடும்" என்கிறார்கள். ஏக்கம் மட்டும் என்றால் நான் இவ்வளவு ஆடிப்போயிருக்க மாட்டேன். அவள் சோற்றைப் பார்த்துப் பயப்படுகிறாள், மலரு. ஒன்பது வயதுப் பிள்ளை, தட்டை முன்னால் வைத்தால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள்.

எங்கே ஆரம்பித்தது என்று சொல்கிறேன். உன் மூளையில் ரத்தம் கசிந்து, ஆம்புலன்ஸில் உன்னைப் பெங்களூருக்குக் கொண்டுபோன மறுநாளே எல்லாம் முடிந்துவிட்டது. உன் ஊர் உத்தனப்பள்ளியில் உன் வீட்டு ஆட்களோடு சேர்ந்து உன்னை மண்ணுக்குள் வைத்தோம். சாத்தூரிலிருந்து என் ராசாத்தி அக்கா வந்திருந்தாள். நம் கல்யாணத்துக்கு என் பக்கத்திலிருந்து வந்த ஒரே ஆள் அவள்தான், உனக்குத் தெரியும். பிள்ளை ஒன்றும் சாப்பிடாமல் கிடக்கிறாளே என்று அக்கா உப்புமா கிண்டி ஊட்டிவிட்டிருக்கிறாள். கனியும் எங்கேயோ பார்த்துக்கொண்டு விழுங்கியிருக்கிறாள்.

"கோதுமை ஆகாதுன்னு தெரியும்ப்பா. அதான் சப்பாத்தி குடுக்கல. ரவைதானே போட்டேன்" என்று அக்கா பிறகு அழுதாள். ரவையும் கோதுமைதான் என்று அவளுக்குத் தெரியாது.

கனி வாந்தி எடுத்தாள். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த பிள்ளை, பாத்ரூம் தரையில் சுருண்டு படுத்துக்கொண்டு உன்னைக் கூப்பிட்டாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்வேன், சொல்லு?

அவள் தேறிய பிறகு நானே சமைத்தேன். வெறும் சோறும் ரசமும். அதில் கோதுமை எங்கிருந்து வரும்? ஆனால் அன்றைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அதோடு நிறுத்திவிட்டாள். தோலோடு வருவதை மட்டும்தான் வாயில் வைப்பாள். வாழைப்பழம், ஓடோடு அவித்த முட்டை, வேர்க்கடலை. தோலை அவளே உரிக்க வேண்டும். முட்டையில் ஒரு கீறல் தெரிந்தாலும் தள்ளிவிடுவாள்.

பெங்களூர் டாக்டரிடம் போனோம். ரசத்தில் என்னென்ன போட்டேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெருங்காயத் தூள் என்றதும் நிறுத்தினார். "அதுல மைதா கலப்பாங்க. உங்களுக்குத் தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் நம் வீட்டு அலமாரியில் அது இருந்ததே இல்லை. நான்தான் கடையில் புதிதாக வாங்கிவந்து போட்டேன். கனி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை உனக்கு எப்படி எழுதுவேன்?

எடை இன்னும் குறைந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். ரத்தமும் குறைவாம். "கறி சாப்பிடுவாளா? ஏதாவது கறி சாப்பிட வையுங்க" என்றார்.

திரும்பி வரும்போது மாநில எல்லையில், ஜூஜுவாடியில் லாரிகளுக்கு நடுவே பஸ் நின்றுவிட்டது. கனி ஜன்னலில் தலை சாய்த்திருந்தாள். அவள் முடி கொத்தாக என் சட்டையில் ஒட்டியிருந்தது. எது கொடுத்தால் சாப்பிடுவாய் என்று கெஞ்சினேன். பஸ் நகர்ந்த பிறகு சொன்னாள்.

"அம்மா செய்ற அரிசிப் பாஸ்தா. மாட்டுக்கறி போட்டு, ஒரே சட்டியில."

நான் மாட்டுக்கறி சாப்பிட்டு வளர்ந்தவன் இல்லை. நீ அதைச் சமைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தனியாகக் குழம்பு வைத்துவிடுவாய். நானும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. நீயும் கனியும் சட்டியைச் சுரண்டிச் சிரிக்கும் சத்தம் மட்டும் ஹாலுக்குக் கேட்கும். அதற்குள் என்னென்ன போட்டாய் என்று ஒரு நாளாவது கேட்டிருந்தால் என்ன?

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். என் ஷிஃப்ட் நேரத்தில் கனியைப் பார்த்துக்கொள்வதற்காக அவள் ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கியிருக்கிறாள்.

"தம்பி, நாம அதெல்லாம் புழங்குறதில்ல. மாட்டுக்கறி இந்த வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா நான் பஸ் ஏறிருவேன்" என்றாள்.

"புள்ள செத்துருவா, அக்கா."

"ஆட்டுக்கறி எடு. அவளுக்கு என்ன தெரியப்போவுது?"

"தெரியும். அதுக்கப்புறம் அவ என்னை எப்பவுமே நம்ப மாட்டா."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் போய்விட்டால் நான் வேலைக்குப் போக முடியாது. எது நடந்தாலும் நடக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பஜாருக்குப் போனேன். கடைக்காரர், மாட்டுக்கறிக்கு அங்கே சொல்கிற பெயரில், பெரிய கறியா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். எலும்போடு வெட்டிக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் அக்கா துணிகளைப் பையில் எடுத்து வைத்தாள், ஆனாலும் கிளம்பவில்லை.

உன் சட்டியை இறக்கினேன். கனிக்கு என்று நீ தனியாக வைத்திருந்த அந்த அடிகனமான சட்டி. கோதுமை ஆகாத வியாதி என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு நீ அழவே இல்லை. நேராகப் பாத்திரக்கடைக்குப் போய் அதை வாங்கிவந்தாய். கோதுமை பட்ட எதுவும் அதற்குள் போகக் கூடாது, கோதுமை வேகவைத்த வேறு பாத்திரத்தில் பாஸ்தாவை வடிகட்டக் கூடாது என்பதற்காகத்தான் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் சமைத்தாய் என்று இப்போதுதான் புரிகிறது. நேரம் மிச்சம் பிடிக்கிறாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கறியையும் அரிசிப் பாஸ்தாவையும் ஒன்றாகப் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடினேன். பாஸ்தா கரைந்து களியாகிவிட்டது. கறி ரப்பர் மாதிரி கிடந்தது. கனி வந்து எட்டிப் பார்த்தாள். "இது அம்மாது இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சமையல் மேடைக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன். அந்த நேரம் உன்மேல் எனக்குக் கோபம் வந்தது, மலரு. எல்லாவற்றையும் உன் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு போய்விட்டாயே என்று உன்னைத் திட்டினேன். உனக்குக் கேட்டதா?

அப்புறம் உன் தம்பி முருகேசனுக்கு ஃபோன் போட்டேன். அவனும் அழுதுவிட்டான். அழுது முடித்துவிட்டுத்தான் பேசினான்.

"எலும்புக்கறி வாங்குனா எப்படி மாமா? அக்கா கொத்துக்கறியில்ல போடும். மொதல்ல கறிய வதக்குங்க, தக்காளி நெறைய போட்டு அதுலயே வேக விடுங்க. பாஸ்தா கடைசியில போடணும். போட்டப்புறம் கிண்டாதீங்க, கொழஞ்சிடும். எறக்கும்போது தேங்காப்பால் ஊத்தும். பாப்பாவுக்குச் சீஸ் ஆகாதில்ல, அதுக்குப் பதிலா. நான் ராயக்கோட்டை மார்க்கெட்ல தக்காளி எடுத்தாறேன்."

சொன்னபடியே கூடையோடு வந்து இறக்கிவிட்டுப் போனான். ஆனால் அதற்குள் கனி முட்டையையும் நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பிரேயரில் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். நான் லீவு போட்டுவிட்டு ஓடினேன். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவள் கனமே தெரியவில்லை. அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தேன்.

"அப்பா நல்லா செய்றேன், கனி. உன் முன்னாடி நானே முதல்ல சாப்பிட்டுக் காட்டுறேன். அப்ப நம்புவியா?"

"நீ சாப்பிட்டா உனக்கு ஒண்ணும் ஆகாதுப்பா. எனக்குத்தான் ஆகும். நீ சாப்பிட்டா எப்படித் தெரியும்?"

இதற்கு நீதான் பதில் சொல்லேன். பெற்றவன் ருசி பார்த்துச் சொல்ல முடியாத சாப்பாடு அவளுடையது. அவளுக்கு இருந்த ஒரே நம்பிக்கை நீ. உன்னை நான் எங்கே போய்க் கூட்டிவருவேன்?

"என்ன பண்ணா நம்புவ? நீயே சொல்லு."

யோசித்தாள். "நான் பக்கத்துல நிப்பேன். நான் சரின்னு சொல்றதத்தான் போடணும்."

மறுநாள் மறுபடியும் பஜாருக்குப் போனேன். கிளம்பும்போதே கேட்டாள், "அந்தக் கடை மெஷின்ல வேற ஏதாவது அரைப்பாங்களாப்பா?" கடைக்காரரிடம், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, மெஷின் வேண்டாம், கத்தியாலேயே கொத்திக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கட்டையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுக் கொத்திக் கொடுத்தார்.

அடுப்படியில் கனி ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். நிற்கத் தெம்பில்லை. சட்டியை மறுபடி மறுபடி கழுவச் சொன்னாள். பாஸ்தா பாக்கெட்டை வாங்கி எழுத்துக் கூட்டி எல்லா வரியையும் படித்தாள். மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்தேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "மில்லுல கோதுமையும் அரைப்பாங்க. அம்மா வரமிளகாய ஊற வச்சு நம்ம மிக்ஸியில அரைப்பா" என்றாள். அப்படியே செய்தேன்.

அப்புறம் அலமாரியில் இருந்த அக்காவின் கோதுமை மாவு டப்பாவைக் காட்டினாள். "அது இங்க இருந்தா நான் சாப்பிட மாட்டேன்."

அக்காவுக்குச் சர்க்கரை. ராத்திரிக்குச் சப்பாத்திதான். கறிப் பொட்டலம் வந்ததிலிருந்து அவள் வாசல் பக்கம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்தாள். ஊருக்குக் கிளம்பப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். டப்பாவைத் தூக்கினாள், சப்பாத்திக் கல்லையும் கட்டையையும் சேர்த்து எடுத்தாள், கீழ் வீட்டு மஞ்சுளாம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கனியிடம் நீட்டினாள். கனி மோந்து பார்த்துச் சரி என்றாள்.

"கறியத் தொட மாட்டேன் தம்பி. அதை மட்டும் கேக்காத. வெங்காயம் உரிச்சுத் தாரேன்" என்று உட்கார்ந்தாள். உரித்துக்கொண்டே, "நான் ராகிக் களி தின்னுக்கிறேன். இந்த ஊர்ல எல்லாரும் அதத்தானே திங்கிறாங்க" என்றாள். அவள் கண்ணில் வந்தது வெங்காயத்தாலா என்று நான் பார்க்கவில்லை.

வெங்காயமும் பூண்டும் வதங்கியதும் கொத்துக்கறியைப் போட்டேன். தக்காளியைக் கனியே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். கறி வெந்து எண்ணெய் மேலே வந்த பிறகு சுடுதண்ணீர் ஊற்றிப் பாஸ்தாவைப் போட்டேன். கிண்டவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றி இறக்கினேன்.

பொழுது சாய்வதற்குள் தட்டில் போட்டேன். நானும் அதே சட்டியிலிருந்து எடுத்துக்கொண்டேன். முதல் வாயை மெல்லாமலே விழுங்கினேன். கனி என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு பாஸ்தாவை எடுத்து நாக்கில் தொட்டாள். வைத்துவிட்டாள். மறுபடி எடுத்தாள். மென்றாள். பாதித் தட்டு சாப்பிட்டாள், மலரு. பாதித் தட்டு!

அதற்குப் பிறகுதான் உண்மையான பயம். இந்தத் தடவையும் வலி வந்தால்? இதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை. அவள் தூங்கிப்போனாள். அவள் வயிற்றின்மேல் கை வைக்க வேண்டும் போலிருந்தது, எழுந்துவிடுவாளோ என்று வைக்கவில்லை.

விடிந்ததும் பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்றேன். வெளியே வந்தாள். "வலிக்கலப்பா" என்றாள், ஏதோ கடையில் பால் இல்லை என்று சொல்கிற மாதிரி சாதாரணமாக. நேராக அடுப்படிக்குப் போய் மூடியைத் திறந்து மீதியைப் பார்த்தாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். விலா எலும்பு இன்னும் தெரிகிறது. அடுத்த வாரம் டாக்டரிடம் போக வேண்டும், அவர் எடை பார்க்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன் என்று நினைக்கிறேன். குழாய் போட வேண்டாம் என்று அவர் சொல்லும்வரை எனக்குத் தூக்கம் இல்லை. வேறு எது கொடுத்தாலும் இன்னும் தள்ளித்தான் விடுகிறாள். அந்த ஒரு சட்டிக்கு மட்டும்தான் கை நீட்டுகிறாள். அதனால் அதையேதான் சமைக்கிறேன்.

மலரு, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த வீட்டு வாசலைக் கோதுமை தாண்டாது. பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எதையும் அவள் தட்டில் வைக்க மாட்டேன். பக்கத்தில் நிற்பேன் என்று அவள் சொல்கிற காலம்வரை, அவள் பெரியவளாகி வேலைக்குப் போகிற காலம் வந்தாலும், அவள் கண் முன்னால்தான் சமைப்பேன்.

இன்று சாயங்காலம் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. "உப்பே இல்லப்பா. தக்காளித் தோல் வாய்க்குள்ள ஒட்டுது. உனக்குச் சமைக்கவே தெரியல" என்றாள். திட்டிக்கொண்டே சாப்பிட்டாள்.

இப்படிக்கு,
உப்புப் போடக் கற்றுக்கொண்டிருக்கும்
உன் கனியோட அப்பா