அச்சு அசல் போர்டு

அன்புள்ள அப்பாவுக்கு, மகன் வணங்கி எழுதுவது. உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? நான் சுகம்தான்.

இங்கே கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியில் சூட்டைக் கட்டுப்படுத்தும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு பழுதானது. முதலாளி மலிவாகப் பார்க்கச் சொன்னதால், ஆன்லைனில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் நகல் போர்டு வரவழைத்தேன். பார்வைக்கு அச்சு அசல் அதேதான். ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு மாட்டினேன். நான்காம் நாள் போர்டு இயங்காமல் அப்படியே நின்றுபோனது. ஹீட்டர் மட்டும் நிற்கவில்லை, சூடு ஏறிக்கொண்டே போனது. மறுநாள் வெளிவர வேண்டிய அறுநூறு குஞ்சுகளும் முட்டை ஓட்டுக்குள்ளேயே செத்துப்போய்விட்டன. அதற்கு முந்தின சாயங்காலம்தான் அதுகள் உள்ளேயிருந்து கத்தியதைக் கேட்டேன்.

"மலிவா வாங்கச் சொன்னதே நான்தானே, விடுப்பா" என்றார் முதலாளி. இருவருமாகக் குழி வெட்டிப் புதைத்தோம். வேலைக்கு ஆபத்தில்லை, கவலைப்படாதீர்கள். சோறுதான் சரியாக இறங்கவில்லை.

ஒரு சின்ன உதவி அப்பா. நான் ஃபோன் செய்ததும் "இரு, அம்மாகிட்ட தர்றேன்" என்று கொடுத்துவிடாதீர்கள். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் கொஞ்ச நேரம் நீங்களே காதில் வைத்திருங்கள்.

ஷிப்டுக்குக் கூப்பிடுகிறார்கள். வருகிறேன்.

உங்கள் மகன்