மேசையின் இடது மூலையில் கொஞ்சம் சோறு

இன்று காலை சோற்றுத் தொட்டியின் மூடியைத் திறந்தார்கள். தேங்காய்ப்பாலும் பாண்டான் இலையும் கலந்த ஆவி எழுந்து என் மூக்குக்கண்ணாடியை மறைத்தது. துடைத்துக்கொண்டு பார்த்தபோது இயந்திரக் கை கரண்டியை இறக்கிக்கொண்டிருந்தது. வழக்கமாக இந்த இடத்தில்தான் நீ வருவாய். இன்று வரவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

யோங் பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். பிறகு நான் கல்லூரிக்குப் போனேன், நீ தொழிற்சாலை பஸ் ஏறினாய். எத்தனையோ வருடங்கள் கழித்து, பாசிர் கூடாங்கின் இந்தப் பெரிய சமையற்கூடத்தில் தர அதிகாரியாக நான் சேர்ந்த முதல் நாள், வலைத்தொப்பிக்கும் முகக்கவசத்துக்கும் நடுவே தெரிந்த இரண்டு கண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தன.

"அலமாக், நீதான் புது மேடமா? அப்ப நான் இனிமே ஒழுங்கா வேலை செய்யணுமா?"

அன்றிலிருந்து உனக்கு நான் 'மேடம்'தான். என் பெயரைச் சொல்லி நீ கூப்பிட்டதே இல்லை.

சுற்றியுள்ள தொழிற்சாலைகளின் ஷிப்டுகளுக்கெல்லாம் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பெட்டிகள், இங்கிருந்துதான் போகின்றன. சோறு, மிளகாய்ச் சம்பால், பாதி முட்டை, நெத்திலி, வெள்ளரித் துண்டு. உன் இடம் சோற்றுக்கு. புதுத் தொட்டி வந்து அதன் மேற்பரப்பு யாரும் தொடாமல் சமமாக இருக்கும்போது, முதல் பெட்டியை எடுக்குமுன் கரண்டி முனையில் நாலைந்து பருக்கை அள்ளி மேசையின் இடது மூலையில் வைப்பாய். முதன்முதலில் அதைப் பார்த்ததும் அதிகாரி முகத்தோடு உன்னிடம் வந்தேன்.

"என்ன இது?"

"வராதவங்களுக்கு லா. எங்கம்மா பானையைத் திறந்தா மொதல்ல மூடி மேல கொஞ்சம் வைப்பாங்க. வீட்டுல யாராவது ஒருத்தர் வராமதானே இருப்பாங்க? அவங்களுக்கு."

"இது ஃபேக்டரி. மூலையில சோறு கிடந்தா ஆடிட்ல எனக்குத்தான் திட்டு."

"இந்தா, தொடச்சாச்சு." இடது கையில் தயாராக இருந்த துணியால் ஒரே இழுப்பு. மேசை பளிச்சென்று இருந்தது. "வராதவங்க இவ்வளவு நேரத்துல சாப்பிட்டிருப்பாங்க, மேடம்."

உன் அப்பா ஒரு நாள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர், திரும்பவே இல்லை என்று பள்ளிக் காலத்திலேயே எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

பிறகு ரோபோக்கள் வந்தன. செயற்கை நுண்ணறிவில் இயங்கும் கைகள். ஒவ்வோர் அசைவையும் யாரும் எழுதித் தர வேண்டாம், மனிதர் செய்வதைப் பார்த்துத் தானே பழகிக்கொள்ளும் என்றார்கள். சோற்றுக்கு உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள். வலது கையில் கம்பிகள் ஓடும் கையுறையை மாட்டினார்கள், தலைக்கு மேல் கேமராவை வைத்தார்கள். பல வாரம் நீ பெட்டி நிரப்பினாய், அது பார்த்துக்கொண்டிருந்தது.

"கையை மட்டுமா படம் புடிக்கிறாங்க? நான் மேக்கப் போட்டுக்கிட்டு வந்தேன் லா."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் முட்டை வைக்கும் பெண் சிரிக்கவில்லை. "உன் வேலையை நீயே தூக்கிக் குடுக்குற" என்றாள்.

"எடுத்துக்கட்டும். என் தோள்பட்டை வலியையும் சேத்து எடுத்துக்கிட்டா சரி."

அது தோள்பட்டை வலி மட்டுமல்ல என்று அப்போது நம் யாருக்கும் தெரியாது. புற்றுநோய் மார்பில் தொடங்கி அக்குளுக்கு வந்திருந்தது. இயந்திரம் தனியாக வேலையைத் தொடங்கிய வாரம் நீ ஜொகூர் பாரு மருத்துவமனையில் படுத்திருந்தாய். முட்டை வைத்த பெண்ணும் இன்னும் சிலரும் வேலையை விட்டுப் போனார்கள். மற்றவர்களைப் பாத்திரம் கழுவும் பகுதிக்கு மாற்றினார்கள்.

பார்க்க வந்தபோது நீ முதலில் கேட்டது இதைத்தான்: "தம்பி எப்படி இருக்கான்? எம்சி லீவு போடாம வேலைக்கு வர்றானா?"

அந்தக் கைக்கு நீ வைத்த பெயர் தம்பி. நான் உனக்கு ஒரு செய்தியைச் சொன்னேன். புதுத் தொட்டி வந்ததும் அது கரண்டி முனையால் நாலைந்து பருக்கை எடுத்து, இடது மூலையில் வைத்துவிட்டுத்தான் முதல் பெட்டிக்குப் போகிறது. தொடாத சோற்றைப் பார்த்தால் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று உன்னிடமிருந்து அது புரிந்துகொண்டிருக்கிறது.

நீ வாய்விட்டுச் சிரித்தாய். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றதும் கேட்டாய், "தொடைக்கிறானா?"

"இல்ல. கையுறை உன் வலது கைக்குத்தானே போட்டாங்க. இடது கை செஞ்சதை அதுக்கு யாரும் சொல்லித் தரல."

"அப்ப நீ தொடைச்சிடு, மேடம். பாவம், தம்பிக்குத் திட்டு விழும்."

நீ என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். அடுத்த முறை நான் வந்தபோது நீ பேசும் நிலையில் இல்லை.

அதற்குப் பிறகு, என் ஷிப்டில் ஒவ்வொரு புதுத் தொட்டிக்கும் நான் அங்கே போய் நின்றேன். இயந்திரத்தைச் சுற்றிய கூண்டின் பக்கக் கதவைத் திறந்தால் கை நின்றுவிடும். துடைத்துக் கதவை மூடினால் மறுபடி ஓடும். இயந்திரம் மாதிரி அது வைத்துவிட்டுப் போவதில்லை. மூலைக்கு வந்ததும் மணிக்கட்டை லேசாகத் திருப்பும், உன் திருப்பல். சுடுகாட்டில் எரிந்தது போக, உன் உடம்பில் மிச்சம் இருந்தது இந்த உலகத்தில் அந்த ஓர் அசைவுதான் என்று நினைத்துக்கொண்டேன். கழுவும் பகுதிக்குப் போனவர்களிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை.

போன வாரம் ரோபோ நிறுவனத்தின் சீன என்ஜினியர் வந்தார். நல்ல மனிதர், மெதுவாகப் பேசுபவர். பல சமையற்கூடங்களில் பலருடைய கைகளைப் பார்த்துப் பழகிய புதுப் பதிப்பு வந்திருக்கிறதாம். கூடவே ஒரு சந்தேகம் கேட்டார்: ஒவ்வொரு தொட்டிக்கும் வரிசை கொஞ்சம் நிற்கிறதே, நீங்கள் கதவைத் திறப்பதால்தானே? அந்த மூலைச் சோறு என்ன?

பழக்கித் தந்தவரின் பழக்கம் என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். புதுப் பதிப்பில் அது இருக்காது, ஆனால் வேண்டுமென்றால் தனியாக ஓர் அசைவாகச் சேர்த்துத் தர முடியும் என்றார். எத்தனை பருக்கை, எந்த இடம், சொன்னால் போதும்.

இரண்டு நாள் யோசித்தேன். சேர்த்துத் தரலாம்தான். ஆனால் அது அவர் எழுதிய அசைவாக இருக்கும். உன் மணிக்கட்டு அதில் இருக்காது. யாரோ வரவில்லை என்று உனக்கு இருந்த நினைப்பும் இருக்காது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு ஓய்வறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பழைய பதிப்பின் கடைசித் தொட்டி நேற்று வந்தது. கை சோற்றை அள்ளியது, மூலைக்குப் போனது, மணிக்கட்டைத் திருப்பியது, வைத்தது. நான் கதவைத் திறக்கவில்லை. தொட்டி காலியாகும்வரை சோறு அங்கேயே இருந்தது.

தலைமைச் சமையல்காரரான பொந்தியான் ஊர் பாய் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். "என்னம்மா, இன்னிக்குத் தொடைக்கலையா?"

"கொஞ்ச நேரம் இருக்கட்டும் பாய்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவருக்குத் தெரியும் என்பது எனக்குத்தான் தெரியவில்லை. "என் சோத்தை வீணாக்குறாளேன்னு அந்தப் பொண்ணைத் தெனம் திட்டுவேன்" என்றார். "அவ போன பொறவு இவனைத் திட்டிக்கிட்டு இருந்தேன். இனிமே அதுவும் இல்ல."

இன்று காலை புதுக் கை நேராக முதல் பெட்டிக்குப் போனது. அழகாக, வேகமாக வேலை செய்கிறது. ஒரு பருக்கை வெளியே சிந்தவில்லை. நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். என்ஜினியர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

மாலை வீட்டுக்கு வந்து குக்கரைத் திறந்தேன். தொடாத வெள்ளைச் சோறு. கரண்டி முனையில் கொஞ்சம் எடுத்து அடுப்பு மேடையின் இடது மூலையில் வைத்தேன். என் மணிக்கட்டு உன்னைப்போல் திரும்பவில்லை, முயன்று பார்த்தேன். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய் மெதுவாகச் சாப்பிட்டேன்.

திரும்பி வந்தபோது அது அப்படியே இருந்தது. துணியை நனைத்துக்கொண்டு வந்தேன். சோறு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது, கொஞ்சம் அழுத்தித் துடைக்க வேண்டியிருந்தது.