கலா அக்காவுக்குக் கொண்டுபோன சோறு

சிம்மோர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ரூபன் அண்ணனுக்கு,

தங்கை தினேஸ்வரி எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ மாமா வீட்டில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

வியாழக்கிழமை நீ கிளம்பியதிலிருந்து உன் கைப்பேசி அடைத்தே கிடக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். நவமணி அண்ணன் செம்பனைப் பழ லோரியோடு நாளை தெலுக் இந்தான் வருகிறார். ஜெயபாலன் மாமாவிடம் கொடுக்காமல் உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். என்ன ரகசியம் என்று கேட்டார். வீட்டு விஷயம் என்றேன். “இந்தக் காலத்துல கடிதம் எழுதுறதே சந்தேகமான வேலதான் லா” என்று சிரித்துக்கொண்டே வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனால் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துத்தான் போடுகிறார். நான் சொன்னால் கேட்பதில்லை, நீ சொன்னால் கேட்பார். எனக்கு அடுத்த வாரம் தேர்வு. சரித்திரப் பாடத்தில் எட்டாம் அத்தியாயத்தோடு நிற்கிறேன். படிக்க உட்கார்ந்தால் மனம் வேறு எங்கோ போய்விடுகிறது. எங்கே போகிறது என்று எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் பக்கத்து வீட்டுக் கலா அக்காவைப் போலீஸ் அழைத்துப் போய்விட்டது. அவர் வேலை பார்க்கும் பொம்மைக் கடையிலிருந்து, ஈப்போ பேரங்காடியில் அத்தனை பேர் பார்க்க. அந்தக் கடையில் பல மாதமாகப் பெட்டிகள் காணாமல் போகின்றனவாம். பிரித்துப் பார்க்கும்வரை உள்ளே எந்தப் பொம்மை என்று தெரியாதே, அந்தச் சின்னப் பெட்டிகள். கிடைக்காத பொம்மை ஒன்றுக்காகப் பெரியவர்கள்கூட விடியற்காலையில் வரிசை பிடிப்பதை நீ சொல்லிச் சிரித்திருக்கிறாய். ஒவ்வொரு முறையும் புதுச் சரக்கு இறங்கிய அன்றே களவு போயிருக்கிறது. ஈப்போவில் இன்னும் சில கடைகளிலும் இப்படித்தானாம். ஒரு கூட்டமே சேர்ந்து செய்கிறது, இந்தக் கடைக்குள் அவர்களுக்கு உளவு சொல்வது கலா அக்காதான் என்று போலீஸ் சந்தேகப்படுகிறது.

அவருடைய அம்மா நேற்று நம் வீட்டுக்கு வந்தார். உனக்கு ஈப்போவில் நாலு பேரைத் தெரியுமே, ஒரு வழக்கறிஞரைப் பார்த்துக் கொடுப்பாயா என்று கேட்டார். நீ வந்ததும் சொல்கிறேன் என்று அம்மா கையைப் பிடித்து அனுப்பிவைத்தார்.

கடைக் கேமராவில் பதிவான காட்சி ஒன்று நம் தாமான் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. உணவு விநியோகம் செய்பவர் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல், முகக்கவசத்தோடு உள்ளே வருகிறார். பாதுகாவலர் அவருக்குக் கதவைத் திறந்து பிடிக்கிறார். கலா அக்கா சிரித்துக்கொண்டே அவரிடம் ஒரு சோற்றுப் பொட்டலத்தை வாங்கி, பின்னறையில் வைக்கப் போகிறார். அந்த ஆள் அலமாரிப் பக்கம் திரும்புகிறார். அக்கா வெளியே வரும்போது அவர் வாசலைத் தாண்டிவிட்டார். அலமாரியில் ஒரு தட்டு காலியாக இருக்கிறது.

எல்லாரும் முகம் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். நான் அவர் தோளில் மாட்டியிருந்த பையைப் பார்த்தேன். அதன் தோள்வார் கிழிந்த இடத்தில் என் பள்ளிப் பாவாடையின் நீல நூலால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்திருக்கிறது. வீட்டில் கறுப்பு நூல் இல்லாத அன்று நான் போட்ட தையல் அது. பைக்கும் யூனிஃபார்ம் மாட்டிவிட்டாய் என்று கேலி செய்தாயே.

இதுவரை வேறு யாரும் கவனிக்கவில்லை. நான் எந்த முடிவுக்கும் வரவில்லை, அண்ணே. நீ சொல்வதைக் கேட்டுவிட்டு வரலாம் என்று இருக்கிறேன். தயவுசெய்து கைப்பேசியைத் திற.

உன் பதிலை எதிர்பார்க்கும்
தங்கை,
தினேஸ்வரி


சிம்மோர்,
வியாழக்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தை லோரிப் பக்கத்தில் நின்றே படித்தாய், மடித்து வைத்துக்கொண்டு “சரி” என்று மட்டும் சொன்னாய் என்று நவமணி அண்ணன் சொன்னார். எதற்குச் சரி என்று எனக்குத் தெரியவில்லை.

கலா அக்காவைப் போலீஸ் ஜாமீனில் விட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை நீதிமன்றத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குக் குற்றம் சாட்டப் போகிறார்களாம். கடையில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தார்.

சோறு கொண்டுவந்தது யார் என்றுதான் விசாரணையில் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். தெரிந்த ஓர் அம்மா ஆசையாகக் கொடுத்துவிட்ட சோறு, கொண்டுவந்தவர் நல்லவர், அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டு, பேரை மட்டும் சொல்ல மறுத்திருக்கிறார். மறைக்கிறார் என்பதாலேயே அவர்மேல் சந்தேகம் வலுத்துவிட்டது. ஏன் அக்கா சொல்லவில்லை என்று கேட்டேன். “சோறு கொண்டாந்த பாவத்துக்கு அவனையும் போலீஸ் பாலாய்க்கு இழுக்கணுமா? ரூபன்கிட்ட எதுவும் சொல்லிராத தினேஷ். போன எடத்துல கவலப்படுவான்.”

அதை அவர் சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறேன். நீயும் அப்படியே கேட்க வேண்டும் என்பதற்காக.

நேற்று நான் பள்ளி விட்டு வந்தபோது வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. கஜேன் என்பவர் உள்ளே உட்கார்ந்து அம்மா சுட்ட தோசையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உன் முதலாளி என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மாவும் நம்பி, சட்னியை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி என்று உபசரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எந்தப் படிவத்தில் படிக்கிறேன், என்ன பாடம் பிடிக்கும் என்றெல்லாம் விசாரித்தார். நான் நின்றுகொண்டே பதில் சொன்னேன்.

அம்மா தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனதும் குரல் மாறிவிட்டது. உன் பை எங்கே என்று கேட்டார். நீ தெலுக் இந்தானுக்கு எடுத்துப் போய்விட்டதாகச் சொன்னேன். அண்ணே, நான் அவ்வளவு எளிதாகப் பொய் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. அவர் நம்பினாரா தெரியவில்லை. விரலில் ஒட்டியிருந்த சட்னியைத் துடைத்துக்கொண்டே, “நல்ல புள்ள. நல்லாப் படி. பஸ்சுல தனியாத்தானே ஸ்கூல் போற?” என்றார்.

போகும்போது மேசைமேல் அதே மாதிரி ஒரு பொம்மைப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார், எனக்குப் பரிசாம். நான் பிரிக்கவில்லை. அம்மா அதை எடுத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டார், பார்க்க அழகாக இருக்கிறதாம்.

நீ நம்பிய ஆள் எப்படிப்பட்டவர் என்று எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. அவர் போன பிறகு உன் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்துப் பார்த்தேன். ஒரு வருஷம் சாப்பாடு சுமந்த பை என்றால் கறி வாசமாவது அடிக்க வேண்டும். புது அட்டை வாசம்தான் அடித்தது. உட்புறம் முழுக்க வெள்ளித்தாளை மடித்து மடித்து ஒட்டியிருக்கிறது. பெட்டியை இப்படி வெள்ளித்தாளால் மூடினால் கடை வாசலில் இருக்கும் அலாரத்துக்குத் தெரியாது; அது ஏன் ஒருமுறைகூட அடிக்கவில்லை என்று இனி யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

தோட்டம் இருந்த காலத்து ஆயாக் கொட்டகை இருக்கிறதே, பால்மரம் வெட்டப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போன இடம், நீ அந்தப் பக்கம் அடிக்கடி மோட்டார் சைக்கிளை ஓட்டிப் போவாய் என்பது நினைவுக்கு வந்து அங்கேயும் போனேன். தார்ப்பாய்க்கு அடியில் பெட்டிகள் சுவர் உயரத்துக்கு இருந்தன. இன்று காலை பேருந்துக்குப் போகும் வழியில் மறுபடியும் எட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. ஈர மண்ணில் கார்ச் சக்கரத் தடம் மட்டும் இருக்கிறது. இனி எஞ்சியிருப்பது பை மட்டும்தான்.

உன்னிடம் கேட்க எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நீ சோற்றைக் கொடுத்தால் கலா அக்கா அதை வைக்க உள்ளே போவார். உனக்கு வேண்டியது அந்த நேரம்தான். எந்த நாளில் சரக்கு வரும் என்பதையும் அவரேதான் பேச்சுவாக்கில் உன்னிடம் சொல்லியிருப்பார். இது தப்பு, அப்படி இல்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பு. நான் நம்பத் தயாராக இருக்கிறேன்.

தங்கை,
தினேஸ்வரி


சிம்மோர்,
சனிக்கிழமை காலை

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் பதில் கிடைத்தது. எழுத்தில் வரும் என்று நினைத்திருந்தேன். நீ நவமணி அண்ணனிடம் வாயால் சொல்லி அனுப்பியிருக்கிறாய். பழைய பையை எரித்துவிட வேண்டும், படிப்பைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். நல்ல பையை எதற்கு எரிக்கிறான், கொடுத்தால் ஐஸ் போட்டு மீன் வாங்கி வருவேனே என்று அவர் என்னிடமே கேட்டார்.

நேற்று மாலை மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனேன். பொய் எழுத விரும்பவில்லை, எரிக்கத்தான் போனேன். நீ என் அண்ணன். குச்சியைக் கிழித்தும்விட்டேன். துணி காய்கிற இடத்திலிருந்து அம்மா கூப்பிட்டார். என்ன எரிக்கிறாய் என்றார். குச்சி விரலைச் சுட்டது, ஊதி அணைத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா அழவில்லை. வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். கலாவுக்கு என்று முதல் நாள் நெத்திலி சம்பல் வைத்துச் சோறு கட்டிக் கொடுத்தது தான்தான் என்றார். அதற்குப் பிறகு நீயே கேட்டு வாங்கிப் போனாயாம். “பயலுக்கு ஆசை வந்திருச்சுன்னு நெனச்சேன். முட்டகூட வச்சுக் கட்டினேன்” என்றார். பிறகு எழுந்து, முகம் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டு, வா போகலாம் என்றார்.

கலா அக்காவிடம் அம்மாதான் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். அம்மா சொல்லி முடித்ததும், சோறு கட்டச் சொன்னது யார் என்று மட்டும் அக்கா கேட்டார். முதல் பொட்டலம் நான் கட்டியது, மற்றதெல்லாம் அவன் கேட்டது என்று அம்மா உள்ளதைச் சொன்னார். அக்கா உள்ளே போய், அம்மா முன்பு சம்பல் நிரப்பிக் கொடுத்த நம் வீட்டுப் போத்தலைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தார்.

அவருடைய அம்மா உன்னைத் திட்டியதை நான் எழுதவில்லை. திட்ட அவருக்கு உரிமை இருக்கிறது. இப்போதாவது போலீசிடம் அவன் பேரைச் சொல் என்று மகளிடம் மன்றாடினார். அக்கா மாட்டேன் என்றார். உன்மேல் உள்ள இரக்கத்தால் என்று நினைத்துவிடாதே. “இப்ப சொன்னா என்ன நெனைப்பாங்க? கூட்டாளிய மாட்டிவிட்டுத் தப்பிக்கப் பாக்குறேம்பாங்க. எனக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சவன் ஒருத்தன்தான். அவன் வந்து சொல்லட்டும்.”

நான் இரண்டு நாளாக யோசித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார். பையைக் கொடுத்தால் அது உன்னைக் காட்டிக்கொடுக்கும். கஜேனின் கார் எண்ணை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன், அதுவும் அவரைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் கலா அக்காவுக்கு எதுவும் தெரியாது என்பதை எந்தப் பையும் சொல்லாது. அதற்கு நீ வர வேண்டும்.

நாளை மதியம் மறுபடியும் வருவதாகக் கஜேன் அம்மாவுக்குத் தகவல் அனுப்பியிருக்கிறார். அதற்கு முன்பே நாங்கள் வீட்டைப் பூட்டிவிடுவோம். நாளைக் காலை தெலுக் இந்தானிலிருந்து வரும் முதல் பேருந்துக்காக நானும் அம்மாவும் ஈப்போ பேருந்து நிலையத்தில் நிற்போம். பை எங்களோடு இருக்கும். நீ இறங்கினால் மூன்று பேரும் போலீஸ் நிலையத்துக்குப் போவோம். இறங்காவிட்டால் நாங்கள் இருவரும் போவோம். இதில் மாற்றமில்லை, அண்ணே. நவமணி அண்ணன் இன்று மதியமே இதை உன் கையில் சேர்த்துவிடுவார்.

நீ அந்தக் கூட்டத்தில் எப்படிச் சேர்ந்தாய் என்று நான் கேட்கவில்லை. பயந்துபோய்த்தான் ஓடினாய் என்று எனக்குத் தெரியும். கஜேன் வந்துபோனது முதல் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. கார்ச் சத்தம் கேட்டால் புத்தகத்தை மூடிவிடுகிறேன். பயத்தோடேயும் வரலாம் என்பதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணனுக்கு ஏதாவது எழுதவா என்று அம்மாவைக் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தார். தண்ணீரை மூன்று தடவை மாற்றினார். பிறகு, பஸ் ஏறுமுன் எதையாவது சாப்பிட்டுவிட்டு ஏறச் சொல், அங்கே போனால் எவ்வளவு நேரமாகுமோ, அவன் பசி தாங்க மாட்டான் என்று சொன்னார்.

கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும். நாளைக் காலை பேருந்துக் கதவு திறக்கும்போது நான் முன்னால் நிற்பேன்.

என்றும் உன் தங்கை,
தினேஸ்வரி