பரங்கிச் சட்டியின் நிறம்

செப்டம்பர் 18

இன்றும் திருப்பி அனுப்பிவிட்டேன். பரங்கிக்காய் வடிவ வார்ப்பிரும்புச் சட்டி, மூடியில் காம்பு. இலையுதிர்கால விற்பனைக்கு. எனாமலில் குமிழி இல்லை, வெடிப்பு இல்லை. நிறம் அளக்கும் கருவியும் சரி என்கிறது. ஆனால் இது என் மனைவி சொலேன் கலந்த ஆரஞ்சு இல்லை.

மார்ச்சில் அவளைப் புதைத்தோம். அவள் கடைசியாகக் கலந்த நிறம் இப்போதுதான் ஆலையில் ஓடுகிறது. தரம் பார்த்து ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டியவன் நான்.

செப்டம்பர் 21

சில சட்டிகளை வீட்டு ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். எதுவும் அவள் இல்லை. எதுவும் அது இல்லை என்று எழுத வந்தேன்.

செப்டம்பர் 29

உலையைப் பார்த்துக்கொள்ளும் கிஸ்லான் வழிமறித்தான். பரங்கிக்காய் அழுகின பிறகு சட்டியைக் கடைக்கு அனுப்பப்போறியா என்று கேலி. நான் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினான்.

“நிறம் ஒப்பிடுற மாதிரி ஓடு சரிங்குது, கருவி சரிங்குது. நீ யாரோட ஒப்பிட்டுப் பாக்குறே, மக்ஸான்ஸ்?”

மாலையில் மேலாளரும் கூப்பிட்டார். நவம்பர் தொடக்கத்துப் புனிதர் திருநாள் விடுமுறை முடிவதற்குள் ஒப்புதல் வராவிட்டால் இந்த ஆரஞ்சை அடியோடு நிறுத்திவிட்டு, வழக்கமான சிவப்பையே பூசுவார்களாம்.

நிறுத்தட்டும். வேற எதையோ அவ நிறம்னு சொல்லி என்னால அனுப்ப முடியாது.

அக்டோபர் 12

கண்ணை மூடினால் தெரிகிறது. செங்கல்லைவிடக் கருத்து, ஆழமாக. பக்கத்தில் அவள் தோள். திறந்தால் இரண்டும் இல்லை.

எனக்குப் பைத்தியமா?

நவம்பர் 1

புனிதர் திருநாள், இறந்தவர்களுக்குப் பூ வைக்கிற நாள். கல்லறை முழுக்கச் சாமந்தித் தொட்டிகள். பிறகு சொலேனின் அம்மா ஒடில் வீட்டில் சாப்பாடு. சோதனைக்குச் சுட்ட முதல் பரங்கிச் சட்டியை சொலேன் அவருக்குத்தான் கொடுத்திருந்தாள். பியரில் வேகவைத்த மாட்டுக்கறியோடு அதை ஓவனிலிருந்து எடுத்தார்.

“தள்ளிக்கோ மாப்ள, சுடும்.”

அந்த நிறம். அதேதான். அவர் கரண்டியைத் தேடுவதற்குள் என் கண் முன்னாலேயே வெளுத்து, நான் தினமும் திருப்பி அனுப்புகிற ஆரஞ்சாக மாறியது.

திரும்ப உள்ளே வையுங்க அத்தை என்றேன். கறி சூடு போதவில்லை என்று நினைத்து வைத்தார். எடுத்தபோது வந்தது. மறுபடி போனது.

இந்த எனாமல் சூட்டில் கருக்கும், ஆறினால் வெளுக்கும். படிப்பில் முதல் வருஷப் பாடம். ஆனால் அவளோடு நான் பார்த்ததெல்லாம் உலை வாயில்தான். சட்டிகள் சங்கிலியில் தொங்கி வெளியே வரும்போது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வாள். ஆற விடமாட்டாள், இழுத்துக்கொண்டு போய்விடுவாள். ஆறினப்புறம் அது கடைக்காரங்களோடது என்பாள்.

அத்தையிடம் சொன்னேன். மூன்றாவது முறை, நான் கேட்காமலே, சட்டியை உள்ளே தள்ளினார்.

“இன்னொரு தரம் பாத்துக்கோப்பா. அப்புறம் சாப்பிட்டுரணும். கறி தீஞ்சிரும்.”

நவம்பர் 3

சட்டிகள் சூடாக வெளியே வருவதைப் பார்க்க உலைக்கருகே வரச்சொல்லி கிஸ்லான் கூப்பிட்டான். போகவில்லை. சட்டிகள் ஆறும்வரை வெளியே நின்றேன். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன்.