குமிழி விழுந்த கண்ணாடி

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் உன் ஆராய்ச்சிக்கூடத்து உலையும் சுகமா? இங்கே எல்லாரும் சுகம், உன் அப்பாவின் இடது கால் மட்டும் சுகத்துக்குப் பாதி வழியில் நிற்கிறது.

ஆபரேஷன் ஒரு வாரம் ஏன் தள்ளிப்போனது என்று போனில் சொல்ல முடியவில்லை, இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அதனால்தான் இந்தக் கடிதம். எலும்பில் சீழ் பிடித்த இடத்தைச் சுரண்டிவிட்டு, அந்தக் குழியில் மருந்து ஊறிய கண்ணாடித் துணுக்குகளை நிரப்பலாம், தாமதித்தால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். நான் அழுதுகொண்டிருக்கிறேன், இவர் மாதிரித் துணுக்கை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னங்க இது, முழுக்க ஓட்டையா இருக்கே, என் கடைக்கு வந்தா லாரியிலேயே திருப்பி அனுப்பிடுவேன், குமிழி இல்லாத நல்ல சரக்கா பார்த்துப் போடுங்க என்றார். ஆயுள் முழுக்கக் கண்ணாடி அறுத்து விற்றவர், தன் காலுக்குள் மட்டச் சரக்கு போக விடுவாரா? டாக்டர் சிரித்துவிட்டார். இவருக்கு ரோஷம் வந்து நொண்டிக்கொண்டே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். காய்ச்சலில் படுத்தபடி, என் பொண்ணுகிட்ட சொன்னா பளிங்கு மாதிரி செஞ்சு அனுப்புவா என்று உன் பெருமை வேறு. நீ அங்கே இதே மாதிரிக் கண்ணாடியில் அந்த ஓட்டைகளைப் போடத்தான் ராப்பகலாகப் பாடுபடுகிறாய் என்று எப்படிச் சொல்வேன்? கடைசியில் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சையும் ஒரு கண்ணாடித் துண்டையும் தட்டில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். எது குடிக்குதுன்னு பாருங்க, ஓட்டைக்குள்ளதான் மருந்து தங்கும், எலும்பும் அதுக்குள்ள புகுந்துதான் வளரணும், வழவழன்னு இருந்தா எதைப் பிடிச்சு வளரும், இதெல்லாம் உங்க பொண்ணு எனக்குச் சொன்னதுதான் என்றேன். ஸ்பாஞ்சை எடுத்துப் பிழிந்து பார்த்தார். பிறகு, என் செருப்பு எங்கே என்றார்.

ஆபரேஷன் நடந்து சில மாதமாகியும், எலும்பு பிடித்ததா இல்லையா என்பது நேற்று எடுத்த எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. துணுக்குகள் கரைந்து மங்கிவருகின்றன, அந்த இடத்தில் எலும்பு வளர்கிறது, கால் தப்பியது என்றார் டாக்டர். நான் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறேன், இவர், போட்ட சரக்கு அதுக்குள்ள கரையுதே, கியாரண்டி உண்டா என்கிறார்.

இன்று காலை ஊன்றுகோலோடு கடைக்குப் போனார். குமிழி விழுந்ததென்று எப்போதோ மூலையில் தள்ளிய கண்ணாடியைத் துடைத்து முன்மேஜையில் வைத்திருக்கிறார், விற்பனைக்கு இல்லையாம்.

வேளைக்குச் சாப்பிடு, உலைப் பக்கம் கவனமாக நில். உன் ஓட்டைகளெல்லாம் நன்றாக விழட்டும், நீ நீடூழி வாழ்க. ஒன்று மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போனில் கண்ணாடிக்கு ஓட்டை எதற்கு என்று அவர் உனக்குப் பாடம் நடத்துவார், தெரியாததுபோல் கேட்டுக்கொள்.

என்றும் உன் நலம் விரும்பும்,
அம்மா