கூரை மடித்த கார்

18 ஜனவரி 1986, சனி

யோகன் அண்ணை புதிதாக வாங்கிய பழைய காரின் கூரையை, இந்தக் குளிரிலும் மடித்துவிட்டுத்தான் ஓட்டினார். காலடியில் ஹீற்றர் சுட்டது, காதுகள் விறைத்தன. அதுவும் ஒரு சுகம்தான். லா ஷப்பல் சந்தியில் ஒரு பிரெஞ்சுப் பொலிஸ்காரன் நின்றான். என் தலை தானாகக் குனிந்துவிட்டது.

"வதிவிட விசா காட்டைப் பொக்கற்றுக்கை வைச்சுக்கொண்டு ஏனடா குனியிறாய்?" என்றார் அண்ணை.

காட் கிடைத்து ஒரு வாரம்தான். அது இல்லாமல் பொலிசைக் கண்டு குனிந்தது மூன்று வருடம்.

"இன்னொருக்கா சுத்துங்கோ அண்ணை."

அவர் காரைத் திருப்பினார். இம்முறை நிமிர்ந்து உட்கார்ந்தேன். பொலிஸ்காரன் திறந்த கூரையைப் பார்த்து, பைத்தியங்கள் என்பதுபோல் நெற்றியில் விரலால் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

இந்த ஊரில் ஒரு பொலிஸ்காரனின் முகத்தை இன்றுதான் பார்த்தேன். குளிரில் அவனுக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.