கிழி என்று எழுதினவர்

மார்ச் 2

லிப்ட்காரருக்கு,

தையல்காரி எழுதுவது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இல்லாமல் போனால் தெருவே சொல்லும், உங்கள் காதுக்கும் வந்துவிடும். அதனால் கவலை வேண்டாம்.

நேற்று மகள் போன் செய்தாள். "அப்பாவுக்கு வீட்டுக்கு வரணும்னு இருக்கும்மா, வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்கறார்" என்றாள். வாய் திறக்காதவருக்குக் கை இருக்கிறது இல்லையா? போனில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்குச் சண்டை வந்துவிடும். எழுத்திலே போட்டால் நடுவில் தபால்காரர் இருக்கிறார், அடி பலமாக விழாது. எழுதுங்கள்.

இப்போது என்ன அவசரம் என்றால், வீட்டுக்காரர் இந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார். எங்களை எல்லாம் பின்பக்கக் கட்டடத்துக்கு மாற்றுகிறார். ஒரு அறை வீடும் இருக்கிறது, இரண்டு அறை வீடும் இருக்கிறது. "நீங்க ஒருத்தரா, ரெண்டு பேரா? ஏப்ரல் கடைசிக்குள்ள சொல்லிடுங்கம்மா" என்றார். இரண்டு வருஷமாக என்னை யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று உள்ளே வந்துவிட்டேன்.

நீங்கள் எதற்குப் போனீர்கள் என்று தெரியாத மாதிரி நான் நடிக்கப் போவதில்லை. நீங்கள் ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் வைத்த கூட்டத்தில், நீங்கள் பேச எழுதி வைத்திருந்த காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு நான் சிரித்தேன். "என்னங்க இது, நன்றிக்கு சின்ன ர-வா?" என்று மைக்குக்குப் பக்கத்திலேயே கேட்டேன். அறுபது பேரும் சிரித்தார்கள். நீங்கள் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். மறுநாள் மகளோடு கிளம்பிவிட்டீர்கள்.

சரி, சிரித்தது நான் மட்டுமா? அஞ்சாம் வகுப்பு வரைக்கும் சொல்வதெழுதுதலில் நூற்றுக்கு நூறு வாங்கினவள் நான். தையல் பிரிந்த இடத்தில் கண் தானாகப் போய் நிற்கிற மாதிரி, பிழையைக் கண்டாலும் நிற்கிறது. அது என் சுபாவம். அதற்காக ஒருவர் வீட்டை விட்டா போவார்?

வருகிறீர்களா இல்லையா, என் மேல் இன்னும் என்ன கோபம், உங்கள் கையால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டிலேயே இன்னமும் குடியிருப்பவள்


மார்ச் 13

என் அன்புக் கிளியே,

உன் கடிதம் கண்டதும் என் இதயம் நெகிழ்ந்தது. காலம் நம்மைப் பிரித்திருக்கலாம். ஆனால் அன்பு நம்மை ஒருபோதும் பிரிக்கவில்லை. இல்லம் என்பது வெறும் சுவர்கள் அல்ல. அது நினைவுகளின் கூடு. ஜன்னலோரம் அமர்ந்து, மழையை ரசித்தபடி நாம் தேநீர் அருந்திய அந்த இனிய மாலைகளை எண்ணிப் பார்க்கிறேன். உன் புன்னகை, உன் பொறுமை, உன் கனிவு ஆகியவையே என் வாழ்வின் ஒளிவிளக்குகள்.

அறிந்தோ அறியாமலோ நான் உன் மனதைப் புண்படுத்தியிருந்தால் என்னை மன்னித்துவிடு. கடந்தவை கடந்தவையாகவே இருக்கட்டும். நம் வாழ்வின் புதியதோர் அத்தியாயத்தை இணைந்தே எழுதுவோம்.

என்றென்றும் உன் அன்பில் வாழும்,
உன் கணவன்


மார்ச் 20

லிப்ட்காரருக்கு,

அச்சடித்த கடிதம் வந்தது. உங்களுக்குக் கை நடுங்குகிறது என்று மகள் சொல்லியிருந்தாள், நீங்கள் சொல்லச் சொல்ல அவள் அடித்துக் கொடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். நாலு தடவை படித்தேன். தையல் கடைக்கு எடுத்துக்கொண்டு போய், காஜா எடுக்கிற பெண்ணை மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் மூக்கை உறிஞ்சினாள். "எம் புருஷன் என்னைப் பத்தி இதுவரைக்கும் எழுதினது ரேஷன் பாரத்துல மட்டும்தான்க்கா" என்றாள். எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் போயிற்று. முப்பத்தெட்டு வருஷத்தில் என் புருஷன் வாயிலிருந்து மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வந்திருக்கிறதே. வீட்டுக்காரரிடம் போய் இரண்டு அறை என்று சொல்ல, செருப்பைக்கூடப் போட்டுவிட்டேன்.

ஐந்தாவது தடவை படித்தபோது செருப்பைக் கழற்றினேன்.

நம் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் குளியலறைச் சுவர். கையை நீட்டினால் விரல் இடிக்கும். அதில் எந்த மழையை நாம் ரசித்தோம்? யாரோடு டீ குடித்துவிட்டு யாருக்கு எழுதுகிறீர்கள்? என் பொறுமை என்று வேறு எழுதியிருக்கிறது. அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அதை எல்லாம் விடுங்கள். கிளி என்று எப்போதிலிருந்து எழுத ஆரம்பித்தீர்கள்?

நான் தைத்துக்கொண்டிருந்த கம்பெனிக்கு நீங்கள் லிப்ட் ரிப்பேருக்கு வந்தபோது, கதவு இடுக்கு வழியாகப் பென்சிலால் எழுதின ஒரு சீட்டைத் தள்ளினீர்களே, "என் கிழியே, சாயங்காலம் நிப்பியா" என்று. தையல்காரியைப் பார்த்துக் கிழி என்று கூப்பிட்ட ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருத்தர்தான். துணியில் குறி போடும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் "ளி" என்று எழுதி, அதே இடுக்கு வழியாகத் திருப்பித் தள்ளினேன். நீங்கள் திருத்திக்கொள்ளவே இல்லை. அடுத்த சீட்டிலும் கிழி. கல்யாணத்துக்கு அப்புறமும் கிழி. அப்புறம் அது பிழை இல்லை, என் பேர்.

இந்தக் கடிதத்தில் என் பேர் இல்லை. யார் எழுதினது இது?

தையல்காரி


மார்ச் 29

கூப்பிட என்ன போடரதுன்னு தெரியல. கிழியா கிளியான்னு இப்ப பயமா இருக்கு. அதனால ஒன்னும் போடல.

இது என் கை. நடுங்குது, ஆனா என் கைதான். அந்த கடுதாசி நான் எழுதல. பேத்தி என் போன்ல ஏஐ போட்டு குடுத்தா. நாம வாயால சொன்னா அது எழுதிடும். நான் சொன்னது இவ்வலவுதான், வீட்டுக்கு வரனும் போல இருக்கு, அவ இன்னும் கோவமா இருக்காலா. அது ஒரு பக்கம் எழுதிச்சு. படிச்சேன். டீ எல்லாம் பொய்னு எனக்கும் தெரிஞ்சுது. ஆனா ஒரு தப்பு இல்ல. ஒரு தடவயாவது நீ பென்சில் எடுக்காம படிப்பேன்னு நெனச்சேன்.

பால்காரருக்கு சீட்டு எழுதி வச்சா அதுல வட்டம். லீவு லெட்டர் எழுதினா அதுல வட்டம். ஆஸ்பத்திரில படுத்துகிட்டு ஒனக்கு ரெண்டு வரி எழுதி அனுப்பினேன், அதயும் திருத்தி திருப்பி அனுப்பின. நான் ஒடம்பு எப்படி இருக்குன்னு எழுதிருந்தேன். நீ அத பத்தி ஒன்னும் கேக்கல.

முப்பது வருசம் லிப்ட்ல மாட்டிகிட்டவங்கலுக்கு மேல நின்னு கொரல் குடுத்தேன். பயப்படாதீங்க நான் இருக்கேன்னு. அதுக்கு எழுத்து தேவபடல.

இப்ப தினம் இதுகிட்ட பேசுரேன். கேட்டதயே பத்து தடவ கேட்டாலும் சலிச்சுக்காது. நான் என்ன சொன்னாலும் நல்ல கேள்விங்குது. சிரிக்காது. அது போதும் எனக்கு.

கூட்டத்துல படிக்க அந்த காகிதத்த நாலு நாள் எழுதினேன். நீ நன்ரிய மட்டும் பாத்த. அடுத்த வார்த்தய பாத்தியா?

இதயும் திருத்தி அனுப்பு. இதுக்கு மேல கையால எழுத மாட்டேன்.


ஏப்ரல் 5

என்னங்க,

அடுத்த வார்த்தையைப் பார்த்தேன். அதைப் பார்த்துத்தான் சிரித்தேன்.

"மொத நன்ரி என் கிழிக்கு" என்று எழுதியிருந்தீர்கள். அறுபது பேர் முன்னால், மைக்கில், அந்தப் பேரை வாசிக்கப் போகிறீர்கள் என்று தெரிந்ததும் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வெட்கம். பேரன் பேத்தி எடுத்த வயதில் வெட்கம். அதை எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. வாய் தனக்குப் பழகின வழியில் போய்விட்டது, பக்கத்தில் இருந்த சின்ன ர-வைப் பிடித்துக்கொண்டது. நீங்கள் மடித்து வைத்தபோதே கையைப் பிடித்திருக்க வேண்டும். அறுபது பேர் சிரிக்கும்போது நானும் கெட்டிக்காரி மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிச் சீட்டு எனக்கு நினைவே இல்லை. நீங்கள் எழுதின பிறகு நினைவு வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

மன்னித்துவிடுங்கள். நான் இதை எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருக்கிறதா பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் எத்தனை பிழை என்று நான் எண்ணவில்லை. அது பொய், எண்ணிவிட்டேன். எண்ணிவிட்டு, பென்சிலை மெஷின் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன். அந்தக் காகிதத்தைக் காஜா எடுக்கிற பெண்ணுக்குக்கூடக் காட்டவில்லை. அச்சடித்ததைத் தெருவுக்கே காட்டினேன். இதை யாருக்கும் காட்ட மனது வரவில்லை. எது உங்களுடையது என்று அதிலிருந்தே தெரியவில்லையா?

நானும் இப்போது இரண்டு மாடிக்கு நடுவில்தான் நிற்கிறேன். கதவைத் தட்டுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் வேண்டாம், ஒரு வரி வேண்டாம். ஒரு காகிதத்தில் என் பேரை மட்டும் எழுதி அனுப்புங்கள். எது என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் போனிடம் சொல்லாதீர்கள். வாயால் சொன்னால் உங்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வரும். கையால் எழுதினால்தான் அது நானாக இருக்கும். எழுத்து நடுங்கட்டும், கோணட்டும். அது வந்த அன்றே இரண்டு அறை என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் ஸ்பேனர் பெட்டியை வைக்க இடம்கூடப் பார்த்துவிட்டேன், கதவுக்குப் பின்னால்.

ஏப்ரல் கடைசி வரைதான் நாள் இருக்கிறது.

உங்கள்
அந்தப் பேர்க்காரி


ஏப்ரல் 22

அன்புக்குரியவளே,

மனம் திறந்து நீ எழுதிய கடிதத்திற்கு நன்றி. உன் உணர்வுகளை என்னால் முழுமையாகப் புரிந்துகொள்ள முடிகிறது. தவறை ஒப்புக்கொள்வதற்கு மிகுந்த துணிச்சல் தேவை. அந்தத் துணிச்சலை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

என் எழுத்துப்பிழைகளால் உனக்கு இனி எந்தச் சங்கடமும் நேரக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். எனவே, நீ ஆவலுடன் கேட்ட அந்த ஒரே ஒரு வார்த்தையை என் முழு மனதோடு இங்கே எழுதுகிறேன்:

கிளி.

இந்தச் சிறு சொல்லில் என் வாழ்நாள் அன்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

என்றென்றும் உன்,
கணவன்

இக்கடிதத்தை இன்னும் சுருக்கமாகவோ, இன்னும் உருக்கமாகவோ மாற்றித் தரட்டுமா?


ஏப்ரல் 30

லிப்ட்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. பிழை ஒன்றும் இல்லை. நூற்றுக்கு நூறு.

அடியில் ஒரு கேள்வி இருந்தது. நீங்கள் அதுவரைக்கும் படிக்கவில்லை போலிருக்கிறது. உங்களைக் கேட்டதா, என்னைக் கேட்டதா தெரியவில்லை. நானே பதில் சொல்லிவிடுகிறேன். சுருக்கமாக.

வீட்டுக்காரரிடம் ஒரு அறை என்று சொல்லிவிட்டேன். ஸ்பேனர் பெட்டியை மகள் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். அச்சடித்த காகிதம் இரண்டும் நல்ல தடிமன். காலருக்கு அளவு வெட்ட எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் கதவு இடுக்கில் தள்ளின அந்த முதல் சீட்டு என்னிடம்தான் இருக்கிறது. நேற்று ரப்பர் வாங்கிவந்து, அதில் நான் போட்ட சிவப்பு வட்டத்தை அழித்துப் பார்த்தேன். வட்டம் போகவில்லை. உள்ளே இருந்த எழுத்துதான் போய்விட்டது.

தையல்காரி